ஒரு நாட் பயணத்தில் யாரை விட்டுச் சென்றோம்?



பாடசாலை விடுமுறை தொடங்கியதும் நம் இல்லங்கள் பலவற்றில் எழும் கேள்வி ஒன்று உண்டு. "இம்முறை எங்கே போவோம்?" கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் சென்றுவர வசதியுள்ளோர் சென்று வருவர். ஏனையோருக்கு, காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பக்கூடிய தீவுகளை இறைவன் நம் வாசலிலேயே வைத்திருக்கின்றார். கட்டுச்சோறும் தண்ணீர்ப் போத்தல்களும் மாற்றுடைகளும் ஒரு பையில் அடங்கிவிட, விடியற்காலையிலேயே வீடு களைகட்டுகின்றது.

பண்ணைப் பாலத்தைக் கடந்ததும் இருபுறமும் கடல். மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என்று ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்செல்கின்றன. வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் நீண்ட தாம்போதியில் பேருந்து செல்லும்போது, பிள்ளைகள் யன்னலோரத்துக்குச் சண்டையிடுகின்றார்கள். புங்குடுதீவின் மேற்கு முனையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையில் தரைவழி முடிகின்றது. அங்கிருந்து நயினாதீவு கால் மணி நேரப் படகுப் பயணம். நெடுந்தீவுக்கோ ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலில் செல்ல வேண்டும்.

ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். காரைதீவை அம்ஸ்ரடாம் என்றும், வேலணையை லெய்டன் என்றும், புங்குடுதீவை மிடில்பேர்க் என்றும், அனலைதீவை ரொட்டர்டாம் என்றும் அழைத்தார்கள். அவற்றுள் நெடுந்தீவுக்கு வைத்த டெல்வ்ற் என்ற பெயர் மட்டுமே இன்றும் பரவலாக வழங்குகின்றது. ஏனைய பெயர்களைக் காலம் கழுவிவிட்டது. மக்கள் தங்கள் வாயால் அழைத்த பெயர்களே நிலைத்தன.

ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புடைய நெடுந்தீவில் பிள்ளைகள் பார்ப்பதற்கு ஏராளம் உண்டு. சுண்ணாம்பு பூசாமல் பவளக்கற்களை அடுக்கியே எழுப்பிய மதில்கள், பாழடைந்த கோட்டை, புறாக்கூடு, பருத்த பெருக்கமரம், ஐரோப்பியர் காலத்தில் வளர்க்கப்பட்டுப் பின்னர் கட்டாக்காலிகளாகித் திரியும் குதிரைகள் என்பவற்றைப் பாடநூலில் படித்த பிள்ளை நேரில் காணும்போது அடையும் வியப்பு, எந்த வகுப்பறையிலும் கிடைக்காதது.

ஓய்வும் ஒரு கட்டளை

"செபமாலைக்கும் திருப்பலிக்கும் அழைக்கின்ற சுவாமி, உல்லாசப் பயணத்தைப் பற்றி எழுதுகின்றாரே" என்று நீங்கள் எண்ணக்கூடும். மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பணிக்கு அனுப்பப்பட்ட திருத்தூதர்கள் களைத்துத் திரும்பி வருகின்றார்கள். வருவோரும் போவோருமாய்க் கூட்டம் மொய்த்ததால் உண்பதற்குக்கூட அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. அப்போது ஆண்டவர், மக்கள் இல்லாத தனிமையான இடத்துக்குச் சென்று சற்று இளைப்பாறும்படி அவர்களை அழைக்கின்றார். அவர்கள் செல்வதும் படகில்தான்.

உண்பதற்கும் நேரமில்லாத அந்நிலை நம் வீடுகளுக்குப் புதியதன்று. காலை ஐந்து மணிக்குத் தனியார் கல்வி நிலையம், பின்னர் பாடசாலை, மாலையில் மீண்டும் கல்வி நிலையம் என்று ஓடுகின்ற பிள்ளையும், வேலைத்தலத்திலிருந்து இரவில் வருகின்ற தந்தையும், இருவருக்கும் வெவ்வேறு நேரத்தில் உணவு பரிமாறுகின்ற தாயும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் ஒருவரையொருவர் காண்பதில்லை. அத்தகைய குடும்பத்துக்கு ஒரு நாட் படகுப் பயணம் வீண்செலவு ஆகாது. கடலின் நடுவே யாரும் எழுந்து வேறு அறைக்குப் போய்விட முடியாது. ஒரு மணி நேரம் தோளோடு தோள் உரச அமர்ந்திருந்தே ஆக வேண்டும்.

ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விட இயலாது. பயணம் ஞாயிற்றுக்கிழமையில் அமையுமாயின், "இன்று ஒரு நாள் பூசை இல்லாவிட்டால் என்ன?" என்ற எண்ணம் எளிதாக எழுகின்றது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1998ஆம் ஆண்டில் ஆண்டவருடைய நாளைப் பற்றித் தனி மடலொன்றையே எழுதினார். ஞாயிறு வெறும் வார இறுதியாகச் சுருங்கிவிடக்கூடாது என்பது அவருடைய கவலை. சனி மாலைத் திருப்பலியில் பங்குகொள்வதும் ஞாயிறு கடமையை நிறைவேற்றுவதே என்று திருச்சபைச் சட்டம் நமக்கு வழிவிட்டிருக்கின்றது. முதல் நாள் மாலை குடும்பமாகப் பீடத்தின் முன் முழந்தாளிட்டுவிட்டு மறுநாள் காலை படகேறுங்கள்.

நான் சொன்ன தவறான ஆலோசனை

சில ஆண்டுகளுக்கு முன்னர், நான் பணியாற்றிய பங்கொன்றில் நடந்ததை இங்கே எழுதுகின்றேன். எழுதுவதற்கு எனக்குச் சற்று வெட்கமாகவே இருக்கின்றது.

வெளிநாட்டில் வாழும் மகன் ஒருவர், மனைவியோடும் இரு பிள்ளைகளோடும் விடுமுறைக்கு வந்திருந்தார். அவருடைய தாயார் நெடுந்தீவில் பிறந்தவர். அங்கேயே மணமுடித்து, அங்கேயே கணவரை அடக்கம் செய்தவர். தொண்ணூறுகளில், போர்ச் சூழலில் படகேறி வெளியேறியவர் பின்னர் திரும்பிச் செல்லவே இல்லை. முதலில் பாதை இல்லை. பாதை திறந்தபோது முழங்கால் வலுவிழந்துவிட்டது.

மகன் என்னிடம் வந்து, "சுவாமி, பிள்ளையளுக்கு நெடுந்தீவைக் காட்டப் போறம். அம்மாவும் வாறன் எண்டு நிக்கிறா. கூட்டிக்கொண்டு போகலாமோ?" என்று கேட்டார். சோளகக் காற்று வீசும் காலம் அது. படகில் ஏறி இறங்குவது எத்துணைச் சிரமம் என்பதை நான் அறிவேன். "வேண்டாம். வயது போனவ. விழுந்தெழும்பினால் பெரிய கரைச்சல். நீங்கள் போய்ப் படங்களை எடுத்துவந்து காட்டுங்கோ" என்றேன். விவேகமாகப் பேசிவிட்டதாகவே எனக்குத் தோன்றியது.

அவர்கள் சென்று வந்தார்கள். அன்றிரவு நானும் அவ்வீட்டுக்குச் சென்றேன். பிள்ளைகள் கைத்தொலைபேசியில் குதிரைகளையும் கோட்டையையும் பெருக்கமரத்தையும் அப்பம்மாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். பின்னர் மகனை நோக்கி, "அப்பான்ரை சேமக்காலைக்குப் போனனீங்களோ?" என்று கேட்டார். புறப்படும்போது கணவரின் கல்லறையில் ஏற்றுவதற்கென ஒரு பெட்டி மெழுகுதிரி கொடுத்துவிட்டிருந்தார் போலும்.

மகன் தலையைக் குனிந்தார். "போனனாங்கள் அம்மா. பத்தையாக் கிடக்கு. எது எண்டு தெரியேல்லை. கடைசிப் படகுக்கும் நேரமாச்சு. நடுச் சிலுவையடியிலை கொளுத்திப்போட்டு வந்திட்டம்."

தாயார் கோபிக்கவில்லை. "நான் வந்திருந்தால் காட்டியிருப்பன்" என்று மட்டும் சொன்னார். பிறகு பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட எழுந்து சென்றார்.

அந்த இரவு நான் உறங்கச் செல்லும்போது அவ்வார்த்தைகள் என்னோடு வந்தன. அவருடைய முழங்காலைப் பற்றி எண்ணிய நான், அவருடைய இதயத்தைப் பற்றி எண்ணவில்லை. அவரைப் பாதுகாக்க விரும்பிய நாங்கள் அனைவரும் அவருடைய பயணத்தை அவரிடமிருந்து பறித்துவிட்டு, படங்களை மட்டும் கொண்டுவந்து கொடுத்திருந்தோம்.

ஒரு நாள் வழி

லூக்கா நற்செய்தியில் நாம் நன்கறிந்த ஒரு குடும்பப் பயணம் உண்டு. பன்னிரண்டு வயதுச் சிறுவனாகிய இயேசுவோடு மரியாவும் யோசேப்பும் பாஸ்கா விழாவுக்கு எருசலேம் செல்கின்றார்கள். விழா முடிந்து திரும்பும்போது, மகன் உறவினர் கூட்டத்தில் இருப்பான் என்றெண்ணி ஒரு நாள் வழி நடந்த பின்னரே, அவன் தங்களோடு இல்லை என்பதை உணர்கின்றார்கள்.

இந்த ஒரு நாள் வழியை நான் பல முறை பிரசங்கித்திருக்கின்றேன். ஆனால், அதன் பொருளை அந்தத் தாயாரே எனக்கு விளக்கினார். மரியாவும் யோசேப்பும் அன்பில் குறைந்தவர்கள் அல்லர். அலட்சியத்தால் மகனை விட்டுவிடவும் இல்லை. "அவன் யாரோடாவது இருப்பான்" என்ற நம்பிக்கையே அவர்களை ஒரு நாள் வழி கொண்டுசென்றது. நம் குடும்பங்களிலும் பெரும்பாலும் இப்படித்தான் நிகழ்கின்றது. அப்பம்மா வீட்டில் வசதியாக இருப்பார் என்று நினைக்கின்றோம். சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கின்ற மகள் தனியே இருந்து படித்துக்கொள்வாள் என்று நினைக்கின்றோம். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து சோறு கட்டிய தாய், இறங்குதுறையில் பைகளுக்குக் காவலாக நிற்கின்றார்; அவரும் மகிழ்ச்சியாகவே இருக்கின்றார் என்று நினைக்கின்றோம். படகில் நம் அருகிலேயே அமர்ந்து, கைத்தொலைபேசியின் திரையை விட்டுக் கண்ணெடுக்காத மகனும் நம்மோடுதான் வருகின்றான் என்று நினைக்கின்றோம்.

திருக்குடும்பம் நமக்குக் கற்பிப்பது, யாரையும் ஒருபோதும் விட்டுவிடாத குடும்பமாக இருக்க வேண்டும் என்பதையன்று. அவர்களாலும் அது இயலவில்லை. உணர்ந்தவுடன் அவர்கள் வந்த வழியே திரும்பினார்கள். களைப்பையும் செலவையும் கணக்கிடவில்லை. மூன்று நாட்களின் பின்னர் மகனைக் கண்டுகொண்டார்கள்.

மீண்டும் ஒரு பயணம்

நான் சொன்ன குடும்பத்திலும் திரும்பிச் சென்றவர்கள் உண்டு. அத்தீர்மானத்தை எடுத்தவர் நானும் அல்லேன், மகனும் அல்லர்; வெளிநாட்டில் வளர்ந்த மருமகளே. "விமானம் ஏற இன்னும் ஆறு நாள் கிடக்கு. மாமியைக் கூட்டிக்கொண்டு போவம்" என்று அவர் சொல்லிவிட்டார். கூட்டம் குறைந்த வார நாளொன்றைத் தேர்ந்தார்கள். காற்று ஓய்ந்திருக்கும் வேளையைப் படகோட்டியிடம் விசாரித்தார்கள். குறிகட்டுவானில், முன்பின் அறியாத இரு இளைஞர்கள் அந்தத் தாயாரை ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தி, அப்படியே தூக்கிப் படகில் வைத்தார்கள். மறுகரையில், மாவிலித்துறையிலும் இறக்குவதற்குக் கைகள் தயாராக இருந்தன. நான் அஞ்சிய சிரமம் இரண்டு நிமிடங்களில் தீர்ந்தது.

சேமக்காலையில் அவர் பொல்லை ஊன்றிக்கொண்டு யாரையும் கேளாமல் நடந்தாராம். கல்மதிலிலிருந்து எண்ணிக்கொண்டு வந்து ஓரிடத்தில் நின்றாராம். அங்கே சிலுவையும் இல்லை, பெயரும் இல்லை. மரச்சிலுவை எப்போதோ உக்கிப் போயிருந்தது. அந்தக் கல்லறையின் பதிவேடு அவருடைய நினைவு மட்டுமே. முதற் பயணத்தில் மகன் இன்னும் ஒரு நாள் முழுவதும் தேடியிருந்தாலும் அதனைக் கண்டிருக்க முடியாது. பிள்ளைகள் இருவரும் பத்தையைப் பிடுங்கித் துப்புரவாக்கினார்கள். அப்பம்மா செபமாலை சொல்ல, ஒரு மறைபொருளை அவர்களும் சேர்ந்து சொன்னார்கள். பின்னர், தாம் வாழ்ந்த வளவையும் கிணற்றையும் காட்டினார். அவர்களுடைய அப்பப்பா எப்படிச் சிரிப்பார் என்பதைக்கூடச் செய்து காட்டினாராம்.

அடுத்த ஆண்டு அந்தத் தாயார் இறைவனடி சேர்ந்தார். கணவரின் கல்லறையில் இப்போது பெயர் பொறித்த சீமெந்துச் சிலுவை நிற்கின்றது. அந்தப் பயணம் நடைபெறாதிருந்தால் எங்கே சிலுவை நடுவது என்று எவருக்கும் தெரிந்திருக்காது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்குமான உலக நாளை 2021ஆம் ஆண்டில் ஏற்படுத்தினார். கன்னி மரியாவின் பெற்றோராகிய புனிதர்கள் சுவக்கின், அன்னம்மாள் திருநாளையொட்டி, யூலை மாதத்தின் நான்காம் ஞாயிறு அதற்கெனக் குறிக்கப்பட்டுள்ளது. அந்நாளில் அவர்களுக்கு மாலை அணிவித்து மேடையில் இருத்துவது நல்லது. அவர்கள் போக விரும்பும் இடத்துக்கு ஒருமுறை அழைத்துச் செல்வது அதனினும் நல்லது.

தீவில் வாழும் மனிதர்கள்

மாற்கு நற்செய்திக்கு மீண்டும் வருவோம். ஓய்வைத் தேடிப் படகில் சென்ற ஆண்டவர் கரையிறங்கியபோது, அவருக்கு முன்பாகவே மக்கள் அங்கே கூடியிருந்தார்கள். அவர் எரிச்சலடையவில்லை. ஆயனில்லா ஆடுகளைப்போல் இருந்த அவர்கள்மீது இரக்கம் கொண்டார். ஓய்வெடுக்கச் செல்லும் நாமும் மனிதரைக் காணாமல் காட்சியை மட்டும் கண்டு திரும்பிவிடக்கூடாது.

நமக்கு உல்லாசமாக இருக்கும் அந்தக் கடல், தீவு மக்களுக்கு அன்றாடப் பாதை. வைத்தியசாலைக்கும் அலுவலகங்களுக்கும் அவர்கள் படகிலேயே வர வேண்டும். காற்று மாறினால் அவர்களுடைய நாளும் மாறிவிடுகின்றது. எனவே, படகில் இடம் நெருக்கடியாகும் நாளில் நோயாளருக்கும் கைக்குழந்தையுள்ள தாய்க்கும் ஊரவருக்கும் முதலிடம் கொடுத்து, அடுத்த படகுக்குக் காத்திருக்கப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். நன்னீர் அருமையான மண் அது. குடிநீரைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். வெற்றுப் போத்தல்களையும் பொலித்தீன் பைகளையும் கையோடு திருப்பிக் கொண்டுவாருங்கள். நயினாதீவில் நாகபூஷணி அம்மன் கோவிலுக்கும் நாகவிகாரைக்கும் வரும் அடியார்களோடுதான் நீங்களும் பயணிப்பீர்கள். பிற சமயங்களில் உள்ள உண்மையானதையும் தூயதையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

இக்கடலுக்குக் கண்ணீரின் நினைவும் உண்டு. 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் திகதி, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் நோக்கிச் சென்ற குமுதினிப் படகில் பயணித்த அப்பாவி மக்கள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர். அதே கடற்பாதையில் உங்கள் படகு செல்லும்போது, ஒரு நிமிடம் பேச்சை நிறுத்தி, இறந்தோருக்காக ஒரு செபம் சொல்லுங்கள். "ஏன் அப்பா?" என்று பிள்ளை கேட்டால், வெறுப்பை ஊட்டாமல் உண்மையைச் சொல்லுங்கள்.

இரணைதீவு மக்களையும் இங்கே நினைக்கின்றேன். 1992ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்து முழங்காவில் பகுதியில் வாழ்ந்த அம்மீனவக் குடும்பங்கள், 2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தாங்களாகவே படகுகளில் ஏறித் தங்கள் தீவுக்குச் சென்றார்கள். ஆலயத்தில் செபித்தார்கள், அன்று மாலையே திரும்பிவிடாமல் அங்கேயே தங்கினார்கள். அதற்காக அவர்கள் காத்திருந்த காலம் இருபத்தாறு ஆண்டுகள். நாம் நுழைவுச்சீட்டு எடுத்துக் காலையில் சென்று மாலையில் திரும்பும் தீவு ஒவ்வொன்றும், யாரோ ஒருவர் ஒவ்வோர் இரவும் கனவில் சென்றுவரும் தீவாக இருக்கலாம். அந்த ஒருவர் உங்கள் வீட்டின் பின்னறையிலேயே இருக்கவும் கூடும்.

புறப்படும் முன்

எனவே, அடுத்த பயணத்துக்கு நாள் குறிக்கும்போது சிலவற்றைக் கவனியுங்கள். காற்றின் நிலையையும், திரும்பிவரும் கடைசிப் படகின் நேரத்தையும் இறங்குதுறையிலேயே கேட்டறியுங்கள். எவ்வளவு வெக்கையாக இருந்தாலும் பாதுகாப்பு அங்கியைப் பிள்ளைகளுக்கு அணிவித்து நீங்களும் அணியுங்கள். அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றிய படகில் ஏறாதீர்கள். கடலில் காட்டும் வீரம் விசுவாசம் ஆகாது. ஆண்டவர் கப்பலில் இருக்கிறார் என்பதற்காகத் திருத்தூதர்கள் துடுப்பைக் கைவிட்டுவிடவில்லை.

வீட்டில் முதியவர் இருந்தால், அவரால் வர முடியுமா என்று உங்களுக்குள் தீர்மானிப்பதற்கு முன்னர், வர விரும்புகின்றாரா என்று அவரிடமே கேளுங்கள். உண்மையிலேயே இயலாத நிலையில் இருந்தால், அங்கே எதைப் பார்க்க வேண்டும், யாரைத் தேட வேண்டும், எந்த மரத்தடியில் நிற்க வேண்டும் என்று அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு செல்லுங்கள். மதிய உணவுக்குப் பின்னர் கைத்தொலைபேசிகளைப் பையில் இட்டுவிட்டு, ஒரு மணி நேரமாவது மரநிழலில் பேசிக்கொண்டிருங்கள். சோறு கட்டியவர் அன்று பாத்திரம் கழுவாதிருக்கட்டும். திரும்பும் படகில், ஒளி மங்கும் வேளையில், ஒரு மறைபொருளையாவது சேர்ந்து சொல்லுங்கள். இயந்திரத்தின் இரைச்சலில் உங்கள் குரல் யாருக்கும் கேளாது. இறைவனுக்குக் கேட்கும்.

குறிகட்டுவானில் இறங்கியதும் தந்தையர் வழக்கமாக ஒன்று செய்வார்கள். பிள்ளைகளையும் பைகளையும் எண்ணிப் பார்ப்பார்கள். அடுத்த முறை எண்ணும்போது, வீட்டில் விட்டு வந்தவரையும் சேர்த்து எண்ணுங்கள். எண்ணிக்கை குறைந்தால் மனந்தளர வேண்டாம். மரியாவும் யோசேப்பும் திரும்பிச் சென்றதுபோல், நாமும் திரும்பிச் செல்லலாம். கடைசிப் படகு போய்விடும் முன்னர் சென்றால் போதும்.

திருக்குடும்பத்தின் பாதுகாவல் உங்கள் இல்லங்களையும், உங்கள் பயணங்களையும், கடலின் மறுகரையில் காத்திருப்போரையும் காப்பதாக.